நோயாளியின் இடப் பக்கம்

“வாயை நல்லாத் திறங்க” என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டார் பல் டாக்டர்.

சிகிச்சை நாற்காலியில் மல்லாந்து கிடந்தது ஒரு வீடியோ கேம் பெட்டி. அதற்கு வாய் கிடையாது. முதுகில் நட்சத்திரத் தலை வைத்த நாலு ஸ்க்ரூதான் உண்டு. நோயாளியின் கழுத்தில் கட்டும் நீலக் காகிதத் துண்டை சிஸ்டர் அதற்கு அடியில் விரித்து, விளக்கையும் இழுத்து நேராக வைத்திருந்தார்.

“மரத்துப்போற ஊசி போட வேண்டாமா டாக்டர்?” என்றார் சிஸ்டர். பதினெட்டு வருஷமாக டாக்டருக்கு உதவியாக இருப்பவர். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல் கிண்டல் செய்யத் தெரிந்தவர்.

“விளையாடாதீங்க சிஸ்டர். மணி ஒண்ணாச்சு. நாலு மணிக்கு மேயர் வருது.”

சிஸ்டர் கிண்டலை உடனே மூட்டை கட்டி வைத்துவிட்டு, தட்டிலிருந்த சின்ன ஸ்க்ரூடிரைவரை எடுத்து நீட்டினார். மேயர் என்றால் அந்தக் கிளினிக்கில் அப்படி ஒரு மரியாதை.

மேயருக்கு வயது பத்து. மூன்றாவது தெருவிலிருந்து வருகிற பெண். கீழ்க் கடைவாய்ப் பல்லில் வேர் சிகிச்சை நடந்துகொண்டிருக்கிறது. முதல் நாள் டாக்டரின் ஆள்காட்டி விரலைக் கடித்தாள். இரண்டாம் நாள் அதே இடத்தில் மறுபடியும் கடித்தாள். மூன்றாம் நாள் இருவரும் உட்கார்ந்து பேசி ஓர் உடன்படிக்கைக்கு வந்தார்கள். கேமில் டவுன் ஹால் கட்டி முடிக்கிற அன்று, வாயைத் திறந்து பல்லை முடித்துக்கொள்ள அனுமதிப்பாள். டவுன் ஹாலுக்கு இன்னும் கூரை மட்டும்தான் பாக்கி. கூரை போடும் நாள் இன்றுதான்.

இந்தக் கேம் பெட்டி வந்து மூன்று வருஷம் ஆகிறது. எதிர்ச் சாரியில் கண்ணாடிக் கதவும் மீன் தொட்டியுமாக ஒரு புதுப் பல் ஆஸ்பத்திரி திறந்தபோது, நம் டாக்டர் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மீன் தொட்டி வாங்கலாமா என்று யோசித்தார். மீனுக்குத் தினமும் தீனி போட யார் இருக்கிறார்கள் என்று சிஸ்டர் கேட்டதும் அந்த யோசனை செத்துப்போனது. கடைசியில் எங்கோ கைமாறி வந்த ஒரு கேம் பெட்டியை வாங்கி, காத்திருக்கும் அறையில் வைத்தார். உள்ளே ஒரே ஒரு கேம்தான் இருந்தது. ஊர் கட்டுகிற கேம்.

ஒரு பிள்ளை வீடு கட்டிவிட்டுப் போகும். அடுத்த பிள்ளை வந்து அதன் பக்கத்தில் கிணறு வெட்டும். இப்படியே வளர்ந்து, நூற்றுப் பன்னிரண்டு வீடும் ஆறும் பாலமும் எட்டு மாடும் வாத்தியாரே இல்லாத ஒரு பள்ளிக்கூடமுமாக ஓர் ஊர் உருவாகிவிட்டது. கடைவாய்ப்புரம் என்று பிள்ளைகளே பெயர் வைத்து, மூன்றாவது தெருப் பெண்ணை மேயராகவும் ஆக்கினார்கள். அந்த ஊரில் பல் ஆஸ்பத்திரிக்கு மட்டும் இடம் ஒதுக்கவில்லை.

ஆரம்பத்தில், பல்லில் ஒரு குறையும் இல்லாத பிள்ளைகளெல்லாம்கூடக் கூட்டமாக வந்து சோபாவைப் பிடித்துக்கொண்டார்கள். சிஸ்டர் விடுவாரா? ஒரு சட்டம் போட்டார். “பல்லுல சொத்தை இருந்தாத்தான் கையில கன்ட்ரோலர். இல்லாதவங்க வீட்டுக்குப் போங்க.” நியாயமான சட்டம். யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

அந்த ஊரின் வயலுக்குத் தினமும் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். ஒரு நாள் தவறினாலும் பயிர் வாடிவிடும். நல்ல வேளையாக, தினமும் யாராவது ஒரு பிள்ளைக்குப் பல்வலி இருந்தது.

டாக்டருக்குப் பெருமை பிடிபடவில்லை. உலகத்தில் பல் டாக்டரைக் கண்டால் பிள்ளைகள் அலறி ஓடும். அவரிடம் மட்டும் ஓடி வந்தார்கள். “ஒரு தடவ வந்த குழந்தை ஒரு தடவையோட நின்னதில்ல சிஸ்டர். அன்பா நடந்துக்கணும். அதான் ரகசியம்” என்பார். எதிர்ச் சாரி மீன்களை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை என்பதில் அவருக்குள் இருந்த சந்தோஷம் ஒரு மருத்துவருக்கு அழகில்லைதான். ஆனாலும் இருந்தது.

அந்தப் பெருமைக்குத்தான் போன வாரம் வேட்டு விழுந்தது. கேம் பெட்டிக்குள்ளிருந்து டக் டக் என்று ஒரு சத்தம். நேற்று, மேயர் விளையாடிக்கொண்டிருக்கும்போதே படம் உறைந்து, மாடு ஒன்று ஒற்றைக் காலைத் தூக்கியபடி பத்து நிமிஷம் நின்றது.

டாக்டர் தன் மச்சினனுக்கு ஃபோன் போட்டார். மொபைல், கம்ப்யூட்டர் எல்லாம் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறவன்.

“உள்ள இருக்கிற ஹார்ட் டிஸ்க் போகப் போகுது மாமா. அது முழுசா சாகறதுக்குள்ள அப்படியே ஒரு நகல் எடுத்துப் புதுசுல போட்டுடணும். கடைக்குக் கொண்டு வாங்க, நான் பண்ணித் தரேன்.”

மச்சினன் கடைக்குள் போன எந்தச் சாமானும் ஆறு மாதத்துக்குள் வெளியே வந்த சரித்திரம் இல்லை. டாக்டரின் வீட்டு மிக்ஸி இன்னும் அங்கேதான் இருக்கிறது.

“நானே பண்ணிக்கிறேன் மாப்ள. பழசைப் பிடுங்கிட்டுப் புதுசை வைக்கணும், அவ்வளவுதானே? இருபத்தஞ்சு வருஷமா நான் வேற என்ன பண்ணிட்டிருக்கேன்?”

அதே அளவுள்ள ஒரு புது டிஸ்கையும், நகல் எடுக்கிற ஒரு சின்னப் பெட்டியையும் மச்சினன் கொடுத்தனுப்பினான். நகல் பெட்டியின் தலையில் இரண்டு பள்ளம். ஒன்றில் பழசு, இன்னொன்றில் புதுசு. முகத்தில் ஒரு பட்டன், நாலு விளக்கு. பட்டனை அமுக்கினால் ஒன்றில் இருப்பது மற்றதற்குப் போய்விடும். கம்ப்யூட்டர்கூடத் தேவையில்லை.

இப்போது முதல் ஸ்க்ரூ வந்துவிட்டது. இரண்டாவதும் மூன்றாவதும் வந்தன. நாலாவது கொஞ்சம் அடம் பிடித்தது. டாக்டர் அதனிடம், “ஒண்ணும் இல்லம்மா, எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான்” என்று சொல்லிக்கொண்டே திருகினார். அதுவும் வந்தது.

மூடியைத் திறந்ததும் மூன்று வருஷத் தூசி குபீரென்று கிளம்பியது. சிஸ்டரின் கை தானாகச் சக்ஷன் குழாயை எடுத்தது. வாயில் ஊறும் எச்சிலை உறிஞ்சும் குழாய் அது. பதினெட்டு வருஷமாக, டாக்டர் எதைத் திறந்தாலும் அதை உள்ளே விடுவதுதான் அவர் வேலை.

ஸ்ர்ர்ர். தூசி போனது. கூடவே டிங் என்று ஒரு சத்தம்.

“சிஸ்டர், நாலு ஸ்க்ரூ எடுத்தேன். இங்க மூணுதான் இருக்கு.”

“தூசி சுத்தமாப் போச்சு பாருங்க டாக்டர்” என்றார் சிஸ்டர், பேச்சை மாற்றும் நோக்கத்தில்.

வேறு வழியில்லாமல் டாக்டர் தரையில் மண்டியிட்டு, எச்சில் தொட்டிக்கு அடியில் இருந்த சக்ஷன் வடிகட்டியைக் கழற்றினார். உள்ளே இருந்தவற்றை விவரித்தால் உங்களுக்குச் சாப்பாடு இறங்காது. ஸ்க்ரூ கிடைத்தது. அதோடு ஒரு தங்கப் பல் உறையும் கிடைத்தது.

இருவரும் அதைப் பார்த்தார்கள். இருவருக்கும் அது யாருடையது என்று தெரியும். போன வருஷம் வக்கீல் ஒருவருக்கு உறை மாட்டும்போது அது காணாமல் போனது. “நீங்க முழுங்கிட்டீங்க சார். கவலைப்படாதீங்க, தானா வந்துடும்” என்று டாக்டர் அவருக்கு ஆறுதல் சொல்லி அனுப்பியிருந்தார். பாவம், அந்த மனிதர் பத்து நாள் எதிர்பார்த்திருந்தார்.

“இன்னிக்கு மூணேகாலுக்கு அவருக்குத்தான் அப்பாயின்ட்மென்ட்” என்றார் சிஸ்டர்.

டாக்டர் உறையைக் கழுவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஒரு நேரத்தில் ஒரு தலைவலிதான் படவேண்டும் என்பது அவர் கொள்கை.

பழைய டிஸ்க் சுலபமாகக் கழன்று வந்தது. நகல் பெட்டியை நாற்காலியின் தலைமாட்டில், முகம் தங்களைப் பார்க்கும்படி வைத்துவிட்டு, டாக்டர் மச்சினனுக்கு ஃபோன் போட்டார். கையுறை போட்டிருந்ததால் சிஸ்டர்தான் ஃபோனை அவர் காதில் வைத்துப் பிடித்தார்.

“மாப்ள, எதுல எதை வைக்கணும்? எழுத்தெல்லாம் தேஞ்சு கிடக்கே.”

“சுலபம் மாமா. பழசு இடப் பக்கம், புதுசு வலப் பக்கம். மாத்தி மட்டும் வெச்சுடாதீங்க. காலி டிஸ்க்கோட நகல் போய்ப் பழசு மேல உக்காந்துடும். அப்புறம் அந்த ஆண்டவனே வந்தாலும் முடியாது.”

“நான் என்ன சின்னக் குழந்தையா?” டாக்டர் நிமிர்ந்தார். “சிஸ்டர், பழசு இடது. புதுசு வலது.”

“பழசு இடது, புதுசு வலது” என்று சிஸ்டர் திருப்பிச் சொல்லி, இரண்டையும் வைத்தார். டாக்டர் ஒரு தடவை சரிபார்த்தார். சிஸ்டர் ஒரு தடவை சரிபார்த்தார். இருவருக்கும் திருப்தி. பட்டனை அமுக்கினார்கள்.

முதல் விளக்கு எரிந்தது. டாக்டர் டீ குடித்தார். இரண்டாவது விளக்கு எரிந்தபோது, மச்சினனுக்குப் பிழைக்கத் தெரியவில்லை, இந்தச் சாதாரண வேலைக்கு ஆறு மாதம் எடுத்துக்கொள்கிறானே என்று சிஸ்டரிடம் வருத்தப்பட்டார். மூன்றாவது விளக்குக்கு, ஓய்வு பெற்ற பிறகு தானே இப்படி ஒரு கடை போட்டால் என்ன என்று தோன்றியது. மூன்று மணி அடிக்கும்போது நாலு விளக்கும் எரிந்தன.

புது டிஸ்கை உள்ளே பொருத்தி, மூடியை மூடி, பெட்டியைப் பல் எக்ஸ்ரே காட்டும் திரையில் மாட்டிப் போட்டார்கள்.

திரை கறுப்பாக இருந்தது. பிறகு வெள்ளை எழுத்தில், இந்தப் பெட்டிக்குள் எதுவுமே இல்லை, எதையாவது போட்டால்தான் வேலை செய்வேன் என்ற பொருளில் ஒரு வாக்கியம் வந்தது.

“புதுசுல்ல, கூச்சப்படுது. பழசையே திரும்ப மாட்டுங்க” என்றார் டாக்டர்.

பழசை மாட்டினார்கள். அதே கறுப்பு. அதே வாக்கியம். டக் டக் சத்தம் மட்டும் கூடுதலாக வந்தது.

டாக்டருக்கு உள்ளங்கை வியர்த்தது. கையுறைக்குள் வியர்த்தால் துடைக்கவும் முடியாது. மறுபடி மச்சினன்.

“மாமா, பழசை எந்தப் பக்கம் வெச்சீங்க?”

“நீ சொன்னபடிதான்டா. இடப் பக்கம்.”

“யாரோட இடப் பக்கம்?”

“யாரோடன்னா என்ன கேள்வி? நோயாளியோட இடப் பக்கம்!”

டாக்டர் மெல்லத் திரும்பிச் சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் மெல்லத் திரும்பி நாற்காலியைப் பார்த்தார்.

பல் வைத்தியத்தில் இடது என்றால் நாற்காலியில் இருப்பவரின் இடது. எதிரே நிற்கும் டாக்டருக்கு அது வலது. படிக்கிற காலத்தில் முதல் வாரமே இதை மண்டையில் ஏற்றிவிடுவார்கள். அதன் பிறகு எந்தப் பல் டாக்டரும் தன் சொந்த இடது கையைப் பற்றி வேலை நேரத்தில் நினைப்பதே இல்லை. டாக்டர் சொன்னது நோயாளியின் இடது. சிஸ்டர் வைத்ததும் நோயாளியின் இடது. சரிபார்த்ததும் அதைத்தான். இரண்டு பேரும் ஒரு தப்பும் செய்யவில்லை. கடைவாய்ப்புரம் மட்டும் காலி.

“மாமா,” என்று ஃபோன் கேட்டது, “அது டிஸ்க் மாமா. நோயாளி இல்ல.”

“நாற்காலில வெச்சா எல்லாம் நோயாளிதான்” என்றார் சிஸ்டர், விட்டுக்கொடுக்காமல்.

பெட்டியை மறுபடி உயிர்ப்பிக்க என்ன வழி என்று மச்சினன் சொல்லிக் கொடுத்தான். புது டிஸ்கையே திரும்ப மாட்டி, பென் டிரைவில் எதையோ இறக்கிச் செருகி, கேமின் சிடித் தட்டைப் போட்டு, அது சுற்றி முடியக் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த நேரத்தில்தான் வக்கீல் வந்து சேர்ந்தார். டாக்டர் அவரை ஓரத்து ஸ்டூலில் உட்கார வைத்து, மரத்துப்போகும் ஊசியைப் போட்டு, “பத்து நிமிஷம் சார்” என்றார். ஊசி பிடித்ததோ இல்லையோ, திரையில் பச்சைப் பசேல் என்று ஒரு வெற்று வெளி விரிந்தது. ஒரு வீடு இல்லை, ஒரு மாடு இல்லை.

‘உங்கள் ஊருக்குப் பெயர் வையுங்கள்’ என்றது கேம்.

மணி மூன்று முப்பத்தைந்து. டாக்டருக்கு அப்போது வந்த யோசனை, நல்ல புத்தி உள்ளவர்களுக்கு வராது.

“சிஸ்டர், ஊரை நாமளே திரும்பக் கட்டிடலாம்.”

“மூணு வருஷ ஊரையா?”

“இருபத்தஞ்சு நிமிஷம் இருக்குல்ல? உங்களுக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்குமே. நீங்க சொல்லுங்க, நான் கட்டறேன்.”

கையுறையோடு கன்ட்ரோலரைப் பிடித்ததில் விரல் வழுக்கியது. கடைவாய்ப்புரம் என்று அடிக்கப் போனவர் பாதியிலேயே சரி என்ற பட்டனை அமுக்கிவிட்டார். ஊரின் பெயர் ‘கடைவாய்ப்பு’ என்று பதிவாகிவிட்டது.

“கடை வாய்ப்பு” என்று சிஸ்டர் பிரித்துப் படித்தார். “பொருத்தமாத்தான் இருக்கு டாக்டர். மேல போங்க.”

டாக்டர் ஒரு வீடும் வயலும் வைத்து, ஆறு வெட்டிப் பாலம் போட்டார்.

“பாலம் ஆத்துக்குக் குறுக்க இருந்துச்சு டாக்டர். நீங்க நெடுக்கப் போட்டிருக்கீங்க.”

“நடக்கறவன் எப்படி இருந்தாலும் நடப்பான். அடுத்தது?”

“மாடு. எட்டு.”

ஒரு மாடு வாங்குவதற்குத்தான் காசு இருந்தது. அதை எங்கே விடுவது என்று கேட்ட பெட்டிக்கு, டாக்டர் அவசரத்தில் ஏதோ ஒரு பட்டனை அமுக்க, மாடு போய் வீட்டுக் கூரைமேல் நின்றது. அதை இறக்க ஏணி வைத்தார். மாட்டுக்கு ஏணியில் இறங்கத் தெரியவில்லை. அதைப் பயமுறுத்தி இறக்கலாம் என்று கீழே கொஞ்சம் நெருப்பு மூட்டினார். நெருப்பு பக்கத்து வயலுக்குப் போனது.

“தண்ணி! தண்ணி ஊத்துங்க!” என்று சிஸ்டர் கத்தினார்.

டாக்டர் பதற்றத்தில் நாற்காலியோரத்து மிதியை மிதித்தார். வாய் கொப்பளிக்கும் குழாயிலிருந்து நிஜத் தண்ணீர் சிஸ்டர் மேல் பீச்சியது. திரையில் வயல் அமைதியாக எரிந்து முடிந்தது.

அதுவரை ஸ்டூலில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த வக்கீல் எழுந்து வந்தார். திரையைச் சுட்டிக் காட்டி, “ஆஹ்உ... ஆஹுக்குக் உஉக்க...” என்று ஆவேசமாக ஏதோ வாதாடினார். பாதி முகம் மரத்திருந்ததால் வாதம் எடுபடவில்லை. கைகளைக் குறுக்காக வைத்துக் காட்டியபோதுதான், அவரும் பாலத்தைப் பற்றித்தான் பேசுகிறார் என்று புரிந்தது. காத்திருக்கும் நேரங்களில் அவரும் அந்த ஊரைப் பார்த்தவர்தானே.

டாக்டர் கன்ட்ரோலரைக் கீழே வைத்தார். தோள் தொங்கிவிட்டது. நிஜமாகவே கண் கலங்கிவிட்டது அவருக்கு.

“இனிமே ஒரு குழந்தையும் வராது சிஸ்டர். எல்லாம் மீன் பாக்கப் போயிடும். என்னைக் கண்டா அழாத பிள்ளைங்கன்னு எத்தனை பேர்கிட்டப் பீத்திக்கிட்டேன்.”

சிஸ்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நனைந்ததைத்தான் துடைத்தாரா என்று சொல்ல முடியாது.

ஒரு சங்கடம் வந்தால் மனிதனுக்கு எல்லாச் சங்கடத்தையும் சேர்த்துத் தீர்த்துவிடத் தோன்றும். டாக்டர் சட்டைப் பையில் கைவிட்டு, தங்க உறையை எடுத்து வக்கீலிடம் நீட்டினார். “சார், நீங்க இதை முழுங்கல. எங்க மெஷின்தான் முழுங்கிச்சு. இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. மன்னிச்சுடுங்க.”

வக்கீல் உறையைப் பார்த்தார். டாக்டரைப் பார்த்தார். பிறகு மேஜைமேல் கிடந்த மருந்துச் சீட்டைக் கிழித்து எழுத ஆரம்பித்தார். வழக்குத்தான் போடப் போகிறார் என்று சிஸ்டர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

சீட்டில் இப்படி இருந்தது: ‘ஒரு வருஷமா என் வயித்துக்குள்ள இருக்குன்னு நெனச்சு ராத்திரி தூங்கல. இப்பத்தான் நிம்மதி. அந்தக் குழந்தைகிட்டயும் உண்மையச் சொல்லிடுங்க. என் தொழில்ல நான் இப்படி யாருக்கும் யோசனை சொன்னதில்ல.’

அப்போது வெளிக் கதவின் மணி கிணுகிணுத்தது. மேயர் எப்போதும் பத்து நிமிஷம் முன்னதாகத்தான் வருவாள்.

காத்திருக்கும் அறையில் ஏற்கெனவே மூன்று பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுடைய அம்மா அப்பாக்கள் ஆளுக்கொரு ஃபோனில் தலையைக் கவிழ்த்திருந்தார்கள். மேயரின் அப்பாவும் உட்கார்ந்து அவர்களோடு ஐக்கியமாகிவிட்டார். பிள்ளைகள் நாலு பேரும் கேம் பெட்டி இருந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“சிஸ்டர் ஆன்ட்டி, பெட்டி எங்க?”

“அதுக்கு ட்ரீட்மென்ட் நடக்குது” என்றார் சிஸ்டர், சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே. “நீ உள்ள வாம்மா.”

மேயர் உள்ளே வந்தாள். முதலில் அவள் கண் போனது திரைக்குத்தான். அங்கே கருகிய வயல் ஒன்றும், ஆற்றின் நெடுகப் படுத்திருந்த பாலம் ஒன்றும், கூரைமேல் நின்ற மாடு ஒன்றும் இருந்தன. மூலையில் ஊரின் பெயர் பாதியாக நின்றது.

டாக்டர் முழங்காலில் உட்கார்ந்து, அவள் உயரத்துக்கு வந்தார். விரலை மட்டும் முன்னெச்சரிக்கையாக முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

“இதபாரும்மா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். பெட்டியைச் சரி பண்ணணும்னுதான் திறந்தேன். இடம் வலம் மாறிப்போச்சு. கடைவாய்ப்புரம் அழிஞ்சிடுச்சு. இதை இப்ப நான்தான் கட்டினேன்.”

மேயர் மாட்டையே பார்த்தாள்.

“டவுன் ஹால்?”

“போச்சும்மா.”

“பள்ளிக்கூடம்? கிணறு? எல்லாரோட வீடும்?”

“எல்லாம். திரும்பக் கொண்டு வரவே முடியாதாம்.”

அவள் அழவில்லை. கடிக்கவும் இல்லை. கன்னத்தில் கை வைத்து நெடுநேரம் எதையோ மனதுக்குள் கணக்குப் போட்டாள். அவள் கத்தியிருந்தால்கூட டாக்டருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“எம்மேல கோவமா?”

“இல்ல அங்கிள்.”

“நீங்கள்லாம் இனிமே இங்க வருவீங்களா?” என்று கேட்டார் டாக்டர். இருபத்தைந்து வருஷத் தொழிலில் ஒரு நோயாளியிடம் அவர் இப்படிக் கெஞ்சியதில்லை. “கேம் இல்லாட்டிப் போகுது. எனக்காக வருவீங்கதானே?”

மேயர் அவரைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தாள்.

“தெரியல அங்கிள். நான் எல்லார்கிட்டயும் பேசிட்டுச் சொல்றேன். நான்தானே மேயர்.”

அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள். டாக்டரும் சிஸ்டரும் வாசற்படியிலேயே நின்றார்கள். பின்னாலிருந்து வக்கீல் மரத்த வாயோடு எட்டிப் பார்த்தார். டாக்டர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். மூன்று பிள்ளைகள் ஒன்றாக அழுதால் எதிர்ச் சாரி வரைக்கும் கேட்கும்.

“கடைவாய்ப்புரம் போயிடுச்சு. முழுசா. இனிமே யாரும் தண்ணி ஊத்த வரவேண்டாம்” என்று அறிவித்தாள் மேயர்.

யாரும் அழவில்லை. நாளைக் காலைக்கு நேரம் வாங்க வந்திருந்த, முன்பல் இரண்டும் விழுந்த ஒரு வாண்டு சோபாவை விட்டு மெல்ல இறங்கி வந்து, மேயரின் சட்டையைப் பிடித்து இழுத்தது.

“அக்கா, அப்ப இனிமே நாம எல்லாரும் பல்லு விளக்கலாமா?”